இருபத்தேழாம் பக்கத்துத் துளை

இருபத்தேழாம் பக்கத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள் கோமதியம்மாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் கீழ்மூலையைப் பார்க்கிறாள். அங்கே ஊசி குத்திய பொடித்துளை இருந்தால், அந்தப் புத்தகம் படித்தாகிவிட்டது. உடனே அலமாரிக்குள் திருப்பித் தள்ளிவிடுவாள். "படிச்சதையே படிக்க நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?" என்பாள்.

மலையாளச் சீமையில், பழவங்காடியில் ஒரு மாடியில் இருக்கும் அந்தத் தமிழ்ப் படிப்பகத்தில் இது ஒன்றும் புதுமையில்லை. நாவல்களின் அட்டையும் தலைப்பும் ஒன்றுபோலவே இருந்தால் பாவம், வாசகர்கள்தான் என்ன செய்வார்கள்? ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நூறாம் பக்க எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஒரு டீச்சர் முன்னுரைக்கு அடியில் தன் இனிஷியலைப் போடுவார். நம்மவள் பேனா பிடிக்கிற ஆளில்லை. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைப்பவள். ரவிக்கைத் தோளில் நூல் கோத்த ஊசி எப்போதும் குத்தியிருக்கும். அதுவே அவளுக்குப் பேனாவும் ஆயிற்று.

ஏன் இருபத்தேழு என்று கேட்டால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்: "எனக்கு ரேவதி நாளாக்கும். கடைசி நட்சத்திரம், இருபத்தேழு. கணக்கு தெற்றாது, தப்பவே தப்பாது, கேட்டியா?" வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சுக்குள் மலையாளம் தாராளமாகப் புகுந்துவிட்டது. வாய் கொஞ்சம் நீளம்தான். சேலை கொடுக்க வரும் பெண்களிடம், படிக்காத நாவலைப் படிக்கச் சொல்லி முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிற கெட்ட பழக்கமும் உண்டு.

ஆனால் துளை விஷயத்தில் விளையாட்டு கிடையாது. அம்பாசமுத்திரத்தில் அவளுடைய அக்கா சுடலைமாடத்தி, சொன்ன கதையையே மறுபடி மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய மறதி அப்படித்தான் தொடங்கியது. போன தடவை பார்க்கப் போனபோது, கூடப் பிறந்தவளையே ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்த வீட்டுப் பிள்ள?" என்று மரியாதையாக விசாரித்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கோமதியம்மாள் தனக்கும் இது வரும் என்று பயந்தாள். துளையைப் பார்த்ததும் கதை ஞாபகத்துக்கு வருகிற வரையில் தனக்கு ஒன்றுமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஓணத்துச் சேலைகள் தைத்து முடிந்து கொஞ்சம் மூச்சு விட்ட ஒரு மத்தியானம், அலமாரியில் ஒரு நீல அட்டைப் புத்தகம் கண்ணில் பட்டது. அட்டையில் படகு. சத்தியமாகப் பார்த்ததே இல்லை. வழக்கம்போலத் தூக்கிப் பிடித்தாள். கீழ்மூலையில் வெளிச்சம் பொட்டாகத் தெரிந்தது.

முதலில் வந்தது கோபம்தான். எவளோ தன் அடையாளத்தைத் திருடிவிட்டாள் என்று நினைத்தாள். யாரோ ஒரு ரேவதி நட்சத்திரக்காரி தனக்கு முந்திக்கொண்டு படித்துத் தள்ளுகிறாள் என்றே முடிவு கட்டி, படிப்பகத்துக்கு வரும் பெண்களின் தோளையெல்லாம் உற்றுப் பார்த்தாள். ஒருத்தி தோளிலும் ஊசி இல்லை. நூலகம் பார்த்துக்கொள்ளும் ஜெஸ்லினிடம், இந்தப் புத்தகத்தை நான் எப்போதாவது எடுத்திருக்கிறேனா என்று பொதுவாகக் கேட்டு வைத்தாள். ஜெஸ்லின் இல்லையே அம்மா என்றாள். தலை நிமிராமல் சொன்னாள். ரெஜிஸ்டரைக் காட்டு என்று கேட்கக் கோமதியம்மாளுக்குப் பயமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அங்கேயே ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். கதை புத்தம்புதுசாக இருந்தது. படகோட்டி யார், அவன் மகள் யார், ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. மகள் கரையில் நின்று அப்பனுக்குக் கையசைக்கிறாள், அவனும் சிரித்துக்கொண்டே துடுப்பை எடுக்கிறான். அழுகிற இடமே இல்லை. ஆனால் கோமதியம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. எதற்கு என்று தெரியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில் படகு கவிழ்ந்தது.

அவள் மறந்ததை அவள் கண்கள் மறக்கவில்லை. திருடியும் இல்லை, ஒருத்தியும் இல்லை. எல்லாம் அவள்தான்.

ஆனாலும் லேசில் விட்டுக்கொடுக்கிறவளா அவள்? சரி, இது இரண்டாம் தடவை, அதற்கும் ஓர் அடையாளம் போட்டுவிடுவோம் என்று ஊசியை உருவினாள். கடைசிப் பக்கத்தில் குத்தலாம் என்று தோன்றியது. பிரித்துப் பிடித்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. அப்படியானால் இது மூன்றாவது. எந்த மூளைக்கும் சட்டென்று தோன்றாத இடம் வேண்டும் என்று யோசித்து யோசித்து, தன் கண்ணீர் விழுந்த பக்கத்துக்கே போனாள். கையசைக்கிற மகளின் பெயருக்கு அடியில் ஊசியைக் கொண்டுபோனாள். ஊசி தாளைத் துளைக்கவில்லை. இருந்த ஓட்டைக்குள் சும்மா இறங்கியது.

எங்கே குத்த வேண்டும் என்று அவள் யோசிக்கிறாளோ, அங்கெல்லாம் அவளே முன்னால் வந்து போயிருக்கிறாள். வெளியே பட்டப்பகல். கீழே கோயிலில் பிள்ளையாருக்கு யாரோ தேங்காய் உடைத்தபடி இருந்தார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, புத்தகத்தையும் ஊசியையும் ஜெஸ்லினின் மேஜையில் வைத்தாள்.

"மக்ளே, இதுல நீ ஒண்ணு குத்து. எங்கன்னு எங்கிட்ட சொல்லாண்டாம். அடுத்த தடவ நான் இதைத் தூக்கிட்டு வந்தா, நீ பார்த்துக்கோ."

ஜெஸ்லின் இதை எதிர்பார்த்தவள் போல ஊசியைக் கையில் எடுத்தாள். கோமதியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். காது திறந்துதானே இருக்கிறது. இடம் தேடித் தாள்கள் புரளும் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முன்பும் இதையே செய்து பழகிய கை போல, ஜெஸ்லின் ஒரே சத்தத்தில் புத்தகத்தை நேராக ஓர் இடத்தில் பிரித்தாள்.

கோமதியம்மாள் உள்ளங்கைகளை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள்.