எண்பது டிகிரி

ஓசூரில், மருந்துக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். காலை ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருந்தது. ரியாக்டரில் கரைப்பானை வடித்தெடுத்துக்கொண்டிருந்தோம். காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் சண்டித்தனம் செய்ததால், விதித்திருந்த ஐம்பது டிகிரியில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

ஆபரேட்டர் குருபரப்பள்ளிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கான்ட்ராக்ட் ஆள்.

"சார், இப்பிடியே போனா பஸ்ஸு போயிடும். எண்பது வெக்கட்டுங்களா?"

"வெய்ங்கண்ணா. இதுல எதுவும் உடையாது," என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மெஷின் சத்தத்தில் எங்களுக்கு அதுதான் கையெழுத்து. காகிதத்தில் ஒப்புதல் எழுதும் வழக்கம் ஆடிட் வரும் வாரத்தில் மட்டும்தான்.

மறுநாள் காலை லேபிலிருந்து கூப்பிட்டார்கள். சுத்தம் சரி, எடை சரி. மூலக்கூறு இடதா வலதா என்று பிரித்துப் பார்க்கும் சோதனையில் மட்டும், ஒரு மேடு இருக்க வேண்டிய கிராப்பில் இரண்டு. மறுபடி ஓட்டச் சொன்னேன். நாற்பது நிமிடம் கம்ப்யூட்டர் முன் நின்றேன். இரண்டாவது மேடு முதலாவதற்குச் சமமாக எழுந்தது.

அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. அதுவரை நாங்கள் செய்த சரக்குகளில் இடது வலது என்பது ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வேறு வேறு அணுக்கூட்டங்கள் அமர்ந்திருக்கும் விதம். அதை மாற்ற ஒரு பிணைப்பையாவது உடைக்க வேண்டும். எண்பது டிகிரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. இது வேறு ரகம். இரண்டு வளையங்கள், நடுவில் ஒற்றைப் பிணைப்பு. வழக்கமாக வளையங்கள் அதில் தாராளமாகச் சுழலும். இதில் பிணைப்பின் ஓரங்களில் பருத்த அணுக்கூட்டங்கள் முட்டிக்கொண்டு நின்று சுழலவிடாது. இந்தப் பக்கம் முறுக்கி நின்றால் இடது, அந்தப் பக்கம் என்றால் வலது, ஒரு ஜோடிச் செருப்பைப் போல. அவற்றில் ஒன்றுதான் மருந்து. சூடு ஏறினால், டவுன் பஸ்ஸில் இடித்துக்கொண்டு இறங்குவதுபோல அந்தக் கூட்டங்கள் ஒன்றையொன்று தாண்டிவிடும். நான் சொன்னபடி எதுவும் உடையவில்லைதான். பாதி சரக்கு திரும்பிக்கொண்டது.

மேனேஜர் அறையில் லாக் புக் திறந்து கிடந்தது. எண்பது என்று ஆபரேட்டரின் கையெழுத்தில் இருந்தது. அனுமதித்தவர் என்ற கட்டம் காலி.

"யாரு ஏத்தச் சொன்னது?" என்று மேனேஜர் எதிரே நின்ற ஆபரேட்டரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. நான் காலண்டரைப் பார்த்தேன்.

"இனிமே உள்ள வர வேணாம். பாஸைக் கழட்டி வை."

இப்படி வெளியே போனால் பக்கத்துக் கம்பெனிகளிலும் சேர்க்க மாட்டார்கள். அது எங்கள் மூவருக்குமே தெரியும். அவர் குனிந்து, கழுத்திலிருந்த கேட் பாஸைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பிறகே எனக்கு வாய் திறந்தது.

"நான்தான் சார் சொன்னேன்."

மேனேஜர் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. பாஸை ஆபரேட்டரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். அவர் பாஸை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"கழட்டி வெக்கற வரைக்கும் பாத்துக்கினே இருந்தீங்களே, சார்."