சத்தம் நிறுத்திய கார்ட்டூன்

அம்மா இறந்த பிறகு அப்பா சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கஞ்சியும் பயறும் ஆறிப்போய்க் கிடந்தன. அழவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர். வெறும் வயிற்றில் எத்தனை நாள் தாங்குவார்?

காஞ்சிரங்குளம் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள். சாப்பாடு எப்போதும் டி.வி.க்கு முன்னால். சீரியல் கிடையாது. கல்யாணமான புதிதில் வந்த ஒரு காய்ச்சலில் அம்மாவுக்குக் காது போய்விட்டது, வசனம் புரியாது. அதனால் அப்பா பழைய கார்ட்டூன்களாகத் தேடிப் போடுவார். படங்களுக்குச் சத்தம் வந்த புதிதில் வெளிநாட்டில் யாரோ வரைந்தவை, எல்லாம் கறுப்பு வெள்ளை. பேச்சு அதிகம் இருக்காது. பன்றி துணி துவைக்கும், தவளை சட்டி பானையை மேளமாகக் கொட்டும், வாத்துகள் வரிசையாக ஆடும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாளம். அதை அப்பா அம்மாவின் கையில் விரலால் தட்டிக் காட்டுவார். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள்.

அதைப் போட்டால் ஒரு வாயாவது இறங்கும் என்று நினைத்து, டி.வி.யை மூடியிருந்த துணியை எடுத்தேன். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்து தங்கியிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், பதறி ஓடி வந்தார்.

"மக்கா, என்ன செய்யுத? பதினாறு கழியாம டி.வி. இடப்பிடாது. துட்டி கேக்க வாற நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடக்கிற மனிதரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஊர் வாய்க்குப் பயப்படுகிறாரே! ஆனால் செத்தவள் அவருடைய தங்கை. சண்டை போட மனம் வரவில்லை. அப்பாவை உள்ளறைக்கு அழைத்துப் போய், போனில் அதே படங்களில் ஒன்றைப் போட்டு, வெளியே கேட்காதபடி சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுக் கையில் கொடுத்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வாத்துகள் ஆடின. அவை எதற்காகக் குதிக்கின்றன என்றே தெரியவில்லை. சத்தமில்லாமல் அப்பா அந்தப் படத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இதுல சிரிக்கியதுக்கு ஒண்ணும் இல்லியே மக்கா," என்றார். "நான் தட்டினா அவளுக்கு வெளங்கும்னு இருந்தேன். இதயா பாத்து அவ அந்தச் சிரிப்பு சிரிச்சா?"

எனக்குப் பதில் தெரியும். லீவுக்கு வரும்போதெல்லாம் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

"அம்மா எங்க டி.வி.ய பாத்தா, அப்பா? ஒங்க மொகத்தயாக்கும் பாத்திட்டிருந்தா. நீங்க சிரிக்கும்ப அவளும் சிரிப்பா."

அப்பா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். பிறகு வாய்விட்டு அழுதார், வீடு முழுக்கக் கேட்கும்படி. மாமா கதவருகே வந்து நின்றார். எனக்கும் அழுகை வந்தது, கூடவே உயிரும் வந்தது. வெகுநேரம் கழித்து, அழுது ஓய்ந்த பிறகு, அப்பா தானாகவே கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.