முத்துப்பேட்டை உப்பங்கழிக்கு மச்சானோடு போனது

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கோவையிலிருந்து எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் கடைசியாகப் போனது 1994இல், பொங்கல் முடிந்த வாரம். ஆகவே இங்கே வரும் கட்டணங்கள் அந்தக் காலத்தவை. தூரம் மட்டும் மாறியிருக்காது.

நான் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. என் மனைவியின் அண்ணன் சின்னசாமிக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணைகள் உண்டு. இறால் வளர்த்தால் கோழியெல்லாம் ஒன்றுமில்லை என்ற பேச்சு அந்த வருடங்களில் எங்கள் பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. பனியன் கம்பெனிக்காரர், அரிசி ஆலைக்காரர் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கடற்கரையில் நிலம் தேடினார்கள். மச்சானுக்கு முத்துப்பேட்டையில், உப்பங்கழியை ஒட்டிப் பன்னிரண்டு ஏக்கர் விலைக்கு வந்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் படித்த ஆளாக வீட்டிலேயே நான் இருந்தேன்.

நான் கடல் உயிரியல் படித்தவன். அதே உப்பங்கழியில் இரண்டு வருடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். நான் எடுத்த தண்ணீர், மண் அளவுகளை என் ஆராய்ச்சி வழிகாட்டி தனக்கு வேண்டிய இன்னொரு பையன் பெயரில் அச்சேற்றினார். சண்டை போட்டு முடிப்பதற்குள் அப்பா ஆள் அனுப்பி ஊருக்கு அழைத்து, கல்யாணத்தையும் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு என் படிப்பு பல்லடத்தில் செத்த கோழிகளை அறுத்து, என்ன சீக்கு என்று சொல்லத்தான் பயன்பட்டது. வழிகாட்டி, அப்பா இரண்டு பேரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒருவர் இப்போது உயிரோடும் இல்லை.

காலை ஐந்து மணிக்கு மச்சானின் மாருதி வேனில் கிளம்பினோம். காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சி போக ஒன்பதரை ஆனது. குளித்தலைக்கு முன்பே காவிரி கூட வர ஆரம்பித்துவிடும். வலது பக்கம் உட்காராதீர்கள், ஒன்றும் தெரியாது. தஞ்சாவூரில் சாப்பாடு. அங்கிருந்து பட்டுக்கோட்டை வழியாக முத்துப்பேட்டை. மொத்தம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தஞ்சாவூரைத் தாண்டியதும் இருபுறமும் அறுவடை வயல், வாய்க்கால், மறுபடி வாய்க்கால். மச்சான் வண்டியை மெதுவாக்கினார்.

"ஏனுங் மாப்ள, இத்தன தண்ணி சும்மாவே போகுதுங்களே. நாமெல்லாம் ஆயிரம் அடி போர் போட்டுப்போட்டு ஒக்காந்திருக்கறோம்."

"சும்மா போகலீங்க மச்சான். கடலுக்குப் போகுது."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றார்.

முத்துப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். இரட்டைக் கட்டில் அறை எழுபது ரூபாய். கொசுவலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். காலை பத்து மணிக்கு மேல்தான் ஆள் வருவார், முந்தின நாளே வாங்கிவிடுவது நல்லது. ஜாம்பவானோடைப் படகுத்துறையில் செல்லையன் என்ற மீனவரின் மோட்டார் படகு, நாள் முழுவதற்கும் முந்நூறு ரூபாய். நாங்கள் ஏழு மணிக்கு ஏறினோம்.

கோரையாற்றில் முதல் அரை மணி நேரம் கரையில் வீடுகளும் தென்னைகளும் வரும். பிறகு அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல் மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அவற்றின் மூச்சுவேர்கள். பேசாமல் இருந்தால் நண்டுகள் வளைக்குள் ஓடும் சத்தம் கேட்கும். மச்சான் பேசாமல் இல்லை. படகிலிருந்து குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தார்.

"உப்பே இல்லீங்களே மாப்ள! திருப்பூர்ல எங்க மாமனார் கெணறு இதவிட உப்புங்க."

செல்லையன் சிரித்தார். "கோயமுத்தூரு ஆளுங்க வந்தா எல்லாத்தையும் நக்கிப் பாக்குறீங்க சார். இப்பத்தான மழ முடிஞ்சிருக்கு. சித்திரையில வந்து நக்குங்க, நாக்கு உரிஞ்சிரும்."

அவர் சொன்னது சரி. உப்பங்கழி என்பது ஆறும் கடலும் மாறி மாறி ஆளும் இடம். மழைக்காலத்தில் ஆற்றின் கை ஓங்கும், கோடையில் கடலின் கை. இரண்டையும் தாங்கும் உயிர்கள்தான் அங்கே பிழைக்கும். ஒரு நாள் பார்த்துவிட்டு அதன் உடம்பு எப்படி என்று சொல்வது சிரமம். இருந்தாலும் எனக்கு அதன் பழைய உடம்பு தெரியும்.

எட்டே முக்கால் மணிக்குக் காடு விலகியது. உப்பங்கழி திறந்தது. இருபது வருடம் கழித்துப் பார்க்கிறேன். தூரத்தில், உப்பங்கழி கடலோடு சேரும் கடல் வாயின் மணல் திட்டு ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது, அதன் மேல் கூழைக்கடாப் பறவைகள். என்னால் கொஞ்ச நேரம் கருவிகள் வைத்திருந்த பையைத் திறக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரில் மார்பளவு நின்று மண் எடுத்த பையனைத் தேடினேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் தேடினேன். வெயில் ஏறுவதற்கு முன் அங்கே ஒரு வாசனை வரும், அது மட்டும் மாறாமல் இருந்தது.

"என்னுங்க, படகு ஒத்துக்கலீங்களா?" என்றார் மச்சான்.

"ஒன்னுமில்லீங்க."

பிறகு வேலையைப் பார்த்தேன். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால், எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவு தெளிவு. அன்று அடிமண் வரை தெரிந்தது. உப்பு கடல்நீரில் பாதியளவு இருந்தது, தை மாதத்துக்குச் சரியானது. சேற்றில் கையை விட்டு அள்ளினால் நத்தை, புழு, சின்ன மட்டி. மடவை மீன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் துள்ளின. கடல் வாய் மட்டும் முன்பிருந்ததைவிடக் குறுகியிருந்தது. மற்றபடி உப்பங்கழி நன்றாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது. என்னைத் தவிர எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில் வாய்க்கால் ஒன்றில் படகைத் திருப்பச் சொன்னேன். அதன் கரையில் ஒரு வருடத்துக்கு முன்பு யாரோ இறால் குளங்கள் வெட்டியிருந்தார்கள். குளத்துக் கழிவு ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் விழுந்தது. தண்ணீரில் நுரை. தட்டு அரை முழத்தில் மறைந்துவிட்டது. கரைச் சேற்றில் ஒரு நண்டு வளைகூட இல்லை. அள்ளி முகர்ந்தேன். பல்லடத்தில் தினமும் முகர்கிற அதே கருவாட்டுத் தூள் போட்ட தீவன நாற்றம். இவ்வளவு தூரம் வந்தும் என்னை விடவில்லை.

மச்சானுக்கு விலைக்கு வந்த நிலம் அதே வாய்க்காலில், இன்னும் கொஞ்சம் மேலே, தென்கரையில் இருந்தது. உவர்ச்செடி முளைத்த வெறும் தரை. இறாலுக்கு உப்புத் தண்ணீரோடு கலக்க நல்ல தண்ணீரும் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால், மச்சான் ஊரிலிருந்தே ஒரு தேங்காய் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன், தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நடப்பார்கள். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. மச்சான் நடந்தார். இரண்டடிக்கு ஒருமுறை தேங்காய் நின்றது. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"சார், அடியில சமுத்திரமே கெடக்கு. நிக்காம என்ன பண்ணும் அது?" என்றார் படகில் இருந்தபடியே செல்லையன்.

மச்சான் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லுங் மாப்ள. கட்டுமுங்களா, கட்டாதுங்களா?"

லாபமாக இருக்குமா என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். நான் யோசித்தே சொன்னேன். குளக்காரர்கள் கழிவை விடுவதும் தண்ணீர் எடுப்பதும் ஒரே வாய்க்காலில். கடல் வாய் குறுகிக்கொண்டே வருகிறது, கழுவிக்கொண்டு போக ஆளில்லை. அலை ஏறும்போது கீழே இருக்கிறவன் கழிவை நீங்கள் குடிப்பீர்கள், இறங்கும்போது உங்களுடையதை அவன் குடிப்பான். சீக்கு வந்தால் எல்லாக் குளத்திலும் ஒரே நாளில் சாகும். உப்பங்கழியும் சேர்ந்து சாகும்.

"மூனு வருசம் கட்டுமுங்க மச்சான். அதுக்கு மேல கட்டாது."

பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்கள் விரிந்தன.

"மூனு வருசமுங்களா! அது போதுமுங்களே. மொத வருசம் வட்டி கட்டிப்போட்டு, ரெண்டாவது வருசம் மொதல எடுத்துப்போட்டு, மூனாவது வருசம் மிச்சத்தோட கெளம்பிப்போடலாம். கோழிச் செட்டுக்கே அஞ்சு வருசம் ஆகுதுங்க."

நான் எச்சரிக்கை என்று சொன்னது அவருக்கு உத்தரவாதமாகக் கேட்டிருக்கிறது. கட்டவே கட்டாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். படித்த திமிர் விடவில்லை.

அதோடு அவர் நிறுத்தவில்லை. என் தோளில் கை போட்டார். "உங்கள நம்பித்தானுங்க எறங்கறேன். இங்கியே ஒரு ஊடு கட்டித் தாரேன். இருந்து பாத்துக்குங்க. உங்களுக்கும் இந்தத் தண்ணின்னா உசுருன்னு தங்கச்சி அம்மணி சொல்லியிருக்குது. அவகிட்ட நான் பேசிக்கறனுங்க."

இருபது வருடமாக ராத்திரி படுக்கும்போது நான் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. ஜன்னலைத் திறந்தால் உப்பங்கழி. காலையில் படகு. யாரும் கோழியோடு வந்து கதவைத் தட்டமாட்டார்கள். அதை இந்த மனுஷன் ஒரு தென்கரை உவர்மண்ணில் நின்று சாதாரணமாகக் கொடுக்கிறார். மூன்று வருடத்துக்கு. ஜன்னல் வழியாக அது சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், கொல்கிற குழாயின் வால்வு என் கையில் இருக்கும்.

"ஊருக்குப் போயிச் சொல்றனுங்க" என்றேன்.

மறுநாள் ஊருக்குத் திரும்பினோம். வெள்ளகோவிலில் டீக்கு நிறுத்தினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் வரலீங்க மச்சான். வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன்.

"சம்பளம் பத்தாதுங்களா?"

"அதில்லீங்க."

"பின்ன என்னதானுங்க? காலமெல்லாம் அந்தத் தண்ணியப் பத்தியே பேசறீங்க. கூப்புட்டா வரமாட்டீங்கறீங்க."

டம்ளரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். "நீங்க இல்லீன்னா அத்தன தொலவுல யார நம்பி வுடறதுங்க?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்த நிலத்தை அவர் வாங்கவில்லை. என் மனைவி அந்த வருடம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணன் கை கொடுத்தும் ஏறாதவன் என்று அவள் உறவில் இன்றுவரை பெயர்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோவையிலிருந்து திருச்சிக்கு அரசுப் பேருந்தில் ஐந்தரை மணி நேரம், அப்போது முப்பது ரூபாய்க்குள்தான். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மாறி, பட்டுக்கோட்டையில் மறுபடி மாற வேண்டும். தை, மாசி மாதங்கள் நல்லது. பறவைகளும் இருக்கும், தண்ணீரும் இருக்கும். குடிநீர், சாப்பாடு, தொப்பி எல்லாம் படகுத்துறைக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே எதுவும் கிடைக்காது. தில்லை மரத்தை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் எரியும். உப்பங்கழி வந்ததும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் அதற்குப் பிறகு போகவில்லை. மச்சான் விட்ட நிலத்தை வேறு யாராவது வாங்கியிருப்பார்களா என்று தெரியாது. தெரிந்துகொள்ளப் பேருந்துக்கட்டணம் போதும், எனக்குத் தைரியம்தான் போதவில்லை. நீங்கள் போனால், இறால் குளங்களைத் தாண்டிக் கொஞ்சம் மேலே அந்த வாய்க்காலின் தென்கரையைப் பாருங்கள். வெறும் தரையாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குளம் வெட்டியிருந்தால் எழுத வேண்டாம்.