விரியாத தாள்

எங்கள் ஊர்ப் பாதிரியாருக்குத் தெரியாத பாவங்களும் லோர்னா திபோவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஊர்க் குப்பைக் கொட்டகையில் வேலை. அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் இந்த மலைப்பக்கத்தில் குப்பை எடுக்க வீட்டுக்கு வண்டி வருவதில்லை. அவரவர் குப்பையை அவரவரே சுமந்து வந்து அவள் கண்ணெதிரே போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அடுத்த சனிக்கிழமை அங்கே வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால், இறுதித் தீர்ப்பு நாளும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றும்.

அவளுடைய சோதனை எளிது. பரிசு சுற்றிய தாளை முஷ்டிக்குள் வைத்துக் கசக்குவாள், பிறகு கையை விரிப்பாள். உருண்டையாகவே கிடந்தால் அது தாள், மறுசுழற்சிக்குப் போகலாம். சலசலவென்று மெல்ல விரிந்தால் பிளாஸ்டிக். அப்போது கொண்டுவந்தவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு பல் மருத்துவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்பார்கள். அவர் போனதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

வெளியாரிடம் பார்வையோடு நிறுத்திக்கொள்பவள் சொந்தக்காரர்களிடம் வாயையும் திறப்பாள். போன கிறிஸ்துமஸுக்கு மகன் ரெமியின் வீட்டில், மரத்தடியில் கிடந்த ஒவ்வொரு தாளையும் கசக்கித் தீர்ப்பு சொன்னாள். மருமகள் டனியெலின் சித்தி அழுதுகொண்டே காரில் ஏறினாள்.

இந்த வருடம் நிலைமை வேறு. லோர்னா வாடகைக்கு இருந்த வீட்டைப் பனிச்சறுக்க வரும் நகரத்துக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். மே முதல் தேதிக்குள் அவள் காலி செய்ய வேண்டும். முழங்கால்கள் இரண்டும் அவளுக்கு முன்பே காலி செய்துவிட்டன. ரெமி தன் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான். செப்டம்பரில் வந்த வரைபடத்தில் சமையலறையை ஒட்டிய சதுரத்துக்குள் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. டனியெல் போட்டது ஒரே ஒரு நிபந்தனை: கிறிஸ்துமஸ் அன்று குப்பையைப் பற்றி மாமியார் வாயைத் திறக்கக் கூடாது.

அன்று பனியில் அவளுடைய கார் கிளம்பவில்லை. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் ரெமி வீட்டுக்கு அழைத்துப் போனேன், சாப்பிடவும் உட்கார்ந்தேன். மேப்பிள் பாகு தடவிய பன்றித்தொடை மேசைக்கு வந்தது. பரிசுகள் பிரிக்கப்பட்டன. மினுமினுக்கும் தாள்கள் தரையில் விழுந்து, ஆளில்லாமலே மெல்ல விரிந்துகொண்டிருந்தன. எல்லோரும் லோர்னாவின் கைகளையே பார்த்தோம். அவை மடியில் அசையாமல் கிடந்தன. அவள் கத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் கொண்டுவந்த பரிசுகளில் ஒட்டுப்பட்டை கிடையாது. சணல் கயிறும் ஓர் ஊசியிலைக் கொத்தும்தான். மற்றவர்களுக்குப் பழைய செய்தித்தாள், டனியெலுக்கு மட்டும் தடித்த வெள்ளைத் தாள்.

“ரொம்ப அழகா இருக்கே லோர்னா. எங்க புடிச்சீங்க?” என்று டனியெலே கேட்டாள்.

“கொட்டகைலதான். நல்ல நல்ல தாளையெல்லாம் தூக்கிப் போட்டுடறாங்க.”

அவள் முன்னால் யாரும் தாளைக் கிழிப்பதில்லை. டனியெல் முடிச்சை அவிழ்த்துத் தாளை நிதானமாக விரித்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. உட்புறம் நீலக் கோடுகள், சமையலறை, அதை ஒட்டிய சதுரம். ‘அம்மா’வை அடித்துவிட்டு, டனியெலின் சாய்ந்த கையெழுத்தில் ‘உடற்பயிற்சி அறை’.

நடந்தது இதுதான். டிசம்பர் முதல் சனிக்கிழமை முழங்கால் ஊசிக்காக லோர்னா விடுப்பு எடுத்திருந்தாள். அந்த நாள் பார்த்து டனியெல் வரைபடத்தைக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தாள். திங்களன்று லாரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு. திங்களன்று வந்தது பனிப்புயல். லாரி வரவில்லை. புதன்கிழமை லோர்னா வந்தாள்.

டனியெலின் விரல்கள் மூடிக்கொண்டன. தாள் கசங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு லோர்னா தலை நிமிராமல் இருப்பாளா?

“கையை விரி பாப்போம்.”

டனியெல் விரித்தாள். உருண்டை உருண்டையாகவே கிடந்தது.

“நல்ல தாள். ஒரு தடவ கசங்கிட்டா பழைய மாதிரி ஆகாது, பாரு” என்றாள் லோர்னா. “குடு இப்படி. இஸ்திரி போட்டு வெச்சா அடுத்த வருஷமும் உனக்கே சுத்தித் தரலாம்.”

“அம்மா, அது வந்து...” என்றான் ரெமி.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லம்மா.”

தாளுக்குள் இருந்தது அவள் கையால் பின்னிய கையுறை. அதை யாரும் கவனிக்கவில்லை. நிபந்தனையையும் அவள் மீறவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், நல்ல தாளைப் பாராட்டினாள். அது குப்பையில் சேராது.

திரும்பும் வழியில், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அந்தத் தாளைச் சுற்றினாயா என்று கேட்டேன்.

“முடிச்சு போடக் கண்ணு எதுக்கு? ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள்.

ஏப்ரல் கடைசியில் அறை தயாராகிவிட்டது. சமையலறையை ஒட்டித்தான், முதல் வரைபடத்தில் இருந்தபடியே. ஜன்னல் மட்டும் ஒன்று கூடுதல், லோர்னா கேட்டு வாங்கியது. அதற்கு நேர் கீழேதான் வீட்டின் குப்பைத் தொட்டிகள். அலமாரியின் மேல்தட்டில் இஸ்திரி போட்ட தாள்கள் அடுக்கியிருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தடித்த வெள்ளைத் தாள். குப்பை போட வரும்போது டனியெல் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாள் எதுவானாலும் தொட்டியில் போடுவதற்கு முன், தலையைக் குனிந்தபடி ஒருமுறை கசக்கிப் பார்க்கிறாள்.