கலே வரைக்குத்தான் விசா

காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் அரிப்பிலிருந்து புறப்பட்டேன். மன்னாருக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொன்று. இறங்கும்போது பின்னேரம். ஐரோப்பாப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. கடதாசியில் தொடங்குகிறது.

போகவேண்டிய இடம் மூன்று. பாரிசில் மகள் ஜெனிற்றா, பதினாலு இரவு. ஜேர்மனியில் மச்சாள் வீடு, ஐந்து இரவு. லண்டனில் தம்பி அன்ரன், நாலு நாள். அவனைக் கண்டு பதினாறு வருசம். உண்மையில் அவனைப் பார்க்கத்தான் இவ்வளவும்.

மறுநாள் எட்டரைக்கு விசாக் கந்தோர். எந்த நாட்டில் கூடுதல் இரவு தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எனக்குப் பிரான்ஸ். அந்த விசாவோடு ஜேர்மனிக்கும் போகலாம். கடவுச்சீட்டு, ஐரோப்பாவை விட்டு வெளிக்கிட்ட பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கம் வெறுமையாக வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. போக வர ரிக்கற். எந்த இரவு எந்த வீடு என்று பட்டியல். வங்கிக் கணக்கு. நான் மகள் வீட்டில் தங்கலாம் என்று அவளுடைய நகரசபையிலிருந்து கடிதம். கட்டணம் அப்போது எண்பது யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை சம்பளச் சிட்டை கேட்டாள். நான் மீன்பிடி என்றேன்.

“அப்போ மாசம் எவ்வளவு வரும் ஐயா?”

“கடலைத்தான் கேக்கவேணும்.”

அவள் சிரிக்கவில்லை. படகின் பதிவு, சங்கக் கடிதம், பங்குச் சுவாமியின் கடிதம் எல்லாம் நீட்டினேன். என்னிலும் பார்க்கப் படகுக்குக் கூடக் கடதாசி இருந்தது. பிறகு கைரேகை. கயிறு இழுத்துத் தேய்ந்த விரல் மெசினில் விழவில்லை. ஆறு தரம் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

லண்டன் அந்த விசாவில் சேராது என்று அங்கேதான் தெரிந்தது. மன்னாரில் ரிக்கற் போட்டவர் ஐரோப்பா முழுக்கப் போகலாம் என்றிருந்தார். இங்கிலாந்துக்கு வேறு விண்ணப்பம், வேறு கட்டணம், வேறு கந்தோர், திரும்பவும் அதே விரல்.

பிரான்ஸ் விசா பதினெட்டு நாளில் வந்தது. இங்கிலாந்து மறுத்தது. நான் ஊருக்குத் திரும்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். சண்டையில் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, இரண்டு தரமும் அரிப்புக்கே திரும்பியவன் நான். அதற்கு ஒருவரும் கடதாசி தரவில்லை.

தம்பியும் பாரிசுக்கு வரமுடியாது. அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கிலாந்தை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள். கடைசியில் அவன்தான் வழி சொன்னான். நான் பிரான்சின் கரையில் கலேக்குப் போவது, அவன் எதிர்க்கரையில் டோவருக்கு வருவது.

பாரிஸ் போன ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. மகளின் காரில் மூன்றேகால் மணித்தியாலம். பதினொன்றரைக்குக் கலே. வானம் தெளிவு. எதிரே வெள்ளைக் கோடு மாதிரி இங்கிலாந்து. நடுவில் கடல் முப்பத்துமூன்று கிலோமீற்றர் என்றாள் மகள். தலைமன்னாரிலிருந்து இந்தியாவும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இந்தத் தூரத்துக்கு எங்கள் ஆட்கள் சோறு கட்டமாட்டார்கள்.

டோவரிலிருந்து தம்பி போன் எடுத்தான்.

“கரை தெரியுதோ அண்ணை?”

“ஓம். ஆள் தெரியேல்லை.”

“மெலிஞ்சு போனன். அதுதான்.”

மகள் கோப்பி எடுக்கக் காருக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து இரண்டு பொலிஸ்காரர் மணலில் இறங்கி என்னிடம் வந்தார்கள். அந்தக் கரையிலிருந்து ஆட்கள் றப்பர்ப் படகில் இங்கிலாந்துக்குப் போகிறார்களாம். கடலைப் பார்த்து நிற்கிற கறுத்த மனிதன் என்றால் போதும். பொலிஸ் வருகுது என்று தம்பியிடம் சொன்னேன். பதினாறு வருசத்துக்கு முதல் இதே ஊரில்தான் அவன் லொறிக்குள் ஒளித்து ஏறியவன்.

“அண்ணை, ஓடாதேங்கோ. நில்லுங்கோ. நீங்கள் விசாவோட வந்தனீங்கள்.”

“நான் ஏன் ஓட?”

“எனக்குத்தான் இங்க கால் ஓடுது.”

கடவுச்சீட்டு, காப்புறுதி, ரிக்கற் எல்லாம் பார்த்தார்கள். மகள் ஓடிவந்து விளங்கப்படுத்தினாள். தம்பி எங்கே என்று ஒருவர் கேட்டாராம். அவள் கடலைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கடவுச்சீட்டைத் தந்தார். கன நேரம் நிற்கவேண்டாம் என்று சொன்னாராம்.

நின்றோம். அம்மாவின் செத்தவீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று அவன் கேட்டான். ஒவ்வொருவராகச் சொன்னேன். முடிய முதல் போனில் சார்ஜ் முடிந்துவிட்டது.

இருபதாம் நாள் பாரிஸ் விமான நிலையம். வரும்போது பட்ட பாட்டில், எல்லாக் கடதாசியையும் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றேன். அதிகாரி முத்திரை குத்தித் தள்ளிவிட்டார். ஒரு கேள்வி இல்லை. உள்ளே வருகிறவனைத்தான் கேட்பார்கள். வெளியே போகிறவனுக்கு ஒன்றும் தேவையில்லை.

தம்பி வெளிக்கிட்டாலும் இப்படித்தான் விடுவார்கள். அதைத்தான் அவன் பதினாறு வருசமாகச் செய்யாமல் இருக்கிறான்.