அந்தச் சேனல் வராத டிஷ்

அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "படம் வருதா?" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் என் தொழில். சின்னத் தூறலுக்கே படம் உறைந்துபோய் வயிறெரிந்த அன்பர்களே, உங்கள் கேள்வி எனக்குத் தெரியும்: மாதாமாதம் பணம் கட்டுகிற டிஷ்ஷா, இலவச டிஷ்ஷா? தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் என்னைப் பார்த்தாலே எல்லாரும் கேட்பது இதைத்தான்.

இலவசம் கேட்ட அக்கா

கோவிலம்பாக்கத்தில் ஒரு அக்கா இலவச டிஷ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதில் தமிழ்ச் சேனல் கொஞ்சம்தான், நீங்கள் பார்க்கிற சீரியல் வராது என்றேன். காதில் வாங்கவில்லை. மறுநாள் சாயங்காலமே போன். "இன்னாண்ணா, ஃப்ரீன்னு சொல்லி என் சீரியல எடுத்துகினு பூட்டியே! வூட்ல நானும் மாமியாரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு கீறோம்."

செம்பாக்கம் சார்

செம்பாக்கத்தில் டேவிட் சார், ரிட்டயரான கணக்கு வாத்தியார். அவர் மகன் ஒரு சேனலில் காலைச் செய்தி வாசிக்கிறான். வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதால் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சே இல்லை. வீட்டுக்கும் வருவதில்லை. அவர் மனைவி எஸ்தரம்மா மட்டும் தினமும் டிவி முன்னால் உட்காருவார். மகன் திரையில் "வணக்கம்" என்றால், "வணக்கம்பா, சாப்டியா?" என்பார். ஒருமுறை ரிமோட் மாற்றப் போனபோது நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டு, இலவச டிஷ்ஷில் அந்தச் சேனல் வருமா என்று கேட்டார். அவருக்கும் மகனைப் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, "வராது சார், இருக்கிறதையே வச்சுக்குங்க" என்றேன். எஸ்தரம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தார். சார் சொன்னார்: "வராதுல்ல? அப்ப அந்த இலவசத்தையே மாட்டு, தம்பி."

படம் வருதா?

மாட்டிவிட்டு வந்தேனே தவிர, எஸ்தரம்மா முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாரே போன் செய்தார். இலவசத்தில் படம் சரியில்லையாம், பழையதையே மாட்ட வேண்டுமாம். காலையிலேயே வந்துவிடச் சொன்னார்.

போய்ப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது. பழைய பெட்டியை மாட்டி, மாடியில் டிஷ்ஷைத் திருப்பிவிட்டு இறங்கினேன். கிளம்பும்முன் வீட்டுக்காரர் கேட்கிற சேனலை வைத்துக் காட்டுவது எங்கள் வழக்கம். "எந்தச் சேனல் சார்?" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எதையாவது வை" என்றார்.

அந்தச் சேனலையே வைத்தேன். மகன் வணக்கம் சொன்னான். எஸ்தரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டே வந்து நின்றார். "இளைச்சிட்டான்ல? இல்ல, உன் டிஷ்ல அப்படித் தெரியுதா, தம்பி?"

ஆகவே அன்பர்களே, எந்த டிஷ் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அதில் யாரைப் பார்க்கத் தவிக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், எனக்கு ஒரு தடவை மாடியேறுவது மிச்சமாகும்.