அக்காவின் பதினேழாம் எண்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று மச்சான் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் நான் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

எழுமலைக்கு மேற்கே ஒத்தப்புளிப்பட்டியில் அக்கா பிறந்தார். அப்பாவுக்கு ஆடு வளர்ப்புதான் தொழில். அக்காவுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, "ஆட்டுக்கு ஊசி போட பொம்பளப் புள்ளையாக்கும்?" என்று ஊரில் கேலி செய்தார்கள். அப்பா, "எம் மக போடுற ஊசிய ஒங்க ஆடு வேணாம்னா சொல்லப் போகுது?" என்று கேட்டுவிட்டு அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டார்.

படித்து முடித்து, அக்கா வைரஸ் ஆராய்ச்சிக்குப் போனார். கல்யாணமாகித் திருப்பரங்குன்றத்தில் குடியிருந்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் மகளைத் தூக்குவார். குழந்தை அதுவரை குளியலறை வாசலிலேயே அழுதுகொண்டு நிற்கும்.

அப்பா காலமான பிறகு ஆடுகள் என் பொறுப்புக்கு வந்தன. ஒரு கோடையில் எங்கள் ஆட்டுக் கொட்டத்தில் ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தது. மூக்கில் சளி, வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல். தகவல் சொன்னதும் அக்கா ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். ஒவ்வொரு ஆட்டின் மூக்கையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் போட்டு எண் எழுதினார். எத்தனை பாடுபட்டும் பாதிக்கு மேல் செத்துப்போயின. குழி மூடும்போது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பதினேழாவதாகத் துடைத்தது, நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு கருப்புப் பெட்டை. அதுவும் பிழைக்கவில்லை. ஆனால் அதனிடமிருந்து எடுத்ததில்தான் வைரஸ் உயிரோடு சிக்கியது. அதை வளர்த்து, ஆராய்ந்து, அக்கா ஒரு கட்டுரை எழுதினார். கண்டெடுத்த ஊரின் பெயரையே வைரஸுக்கு வைப்பது ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கமாம். நம் ஊர்ப் பெயரை வைக்கப் போவதாக அக்கா போனில் சந்தோஷமாகச் சொன்னார். நான் பதறிப்போய்த் திருப்பரங்குன்றத்துக்கு ஓடினேன்.

"அக்கா, ஊர்ப் பேரப் போடாதக்கா. சந்தையில நம்ம ஆட்ட ஒருத்தனும் தொட மாட்டான்."

"டேய், இதப் படிக்கிறவன் எவன்டா சந்தைக்கு வரப்போறான்?"

"ஒனக்குத் தெரியாது. சீக்கு ஊருன்னு ஆயிருச்சுன்னா பொண்ணுகூடக் குடுக்க மாட்டாய்ங்க."

அக்கா சிரித்துவிட்டார். "சீக்கு வந்தது ஆட்டுக்கு. ஒனக்கு ஏன்டா பொண்ணு குடுக்க மாட்டாய்ங்க?"

"பேரப் போட்டா இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. "சரிடா, நம்பர் மட்டும் போடுறேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன். போதுமா?" என்றார். பதினேழு என்று மட்டும் அச்சானது.

அந்தக் கட்டுரைதான் அக்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எந்தெந்த தேசத்திலோ இருப்பவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்துக்காட்டி, அக்கா பெயரைப் போட்டு எழுதினார்கள். அப்படிப் பெயர் போடுவதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "கல்யாணப் பத்திரிகைல தாய்மாமன் பேர விட்டா சண்டைக்கு வர்றாய்ங்கள்ல? அது மாதிரித்தான். யார்ட்டருந்து வந்துச்சோ அவங்க பேரப் போடணும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருடத்தில் சந்தையில் ஒருவர்கூட அந்தக் கட்டுரையைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

அதன் பிறகு வருடம் தவறாமல் அக்கா ஊருக்கு வந்து எல்லார் ஆட்டுக்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என்னிடம் கேட்டது, "புதுக் குட்டிகளுக்குப் போட்டாச்சாடா?" என்பதுதான். "போட்டாச்சுக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு பேசியது அதுதான் கடைசி.

மயானத்தில் அக்காவின் மாணவி ஒருவர் அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்க மேடத்தோட தம்பிதான? பதினேழு எந்த ஊருன்னு மேடம் கடைசி வரைக்கும் சொல்லல. கேட்டா, ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு சிரிப்பாங்க. ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சுற்றிலும் படித்தவர்கள் நின்றார்கள். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எரிகிற சிதைக்கு முன்னால் அப்படிச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை இந்த ஒரு வருடமாக என்னைத் தூங்கவிடவில்லை.

அக்காவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மச்சானுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து உடனிருந்த மகளுக்கும், வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், செல்லூரிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த அக்காவின் தோழிக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த மாணவிக்கும் இந்த மலர் போய்ச் சேரும். அம்மா, அன்று நான் சொன்னது பொய். அக்கா வாக்குக் கொடுத்தது எனக்குத்தான். அதை அவர் கடைசி வரை காப்பாற்றிவிட்டார். இனி அது தேவையில்லை. பதினேழு, ஒத்தப்புளிப்பட்டி. நீங்கள் எழுதும்போது ஊர்ப் பெயரைப் போடுங்கள்.